மொட்டை மாடி ரூம்ல மாடல் ரயில் லேஅவுட்டா காட்பாடி ஜங்ஷன் கட்டணும், மீட்டர்கேஜும் சேத்து. எந்த ஸ்கேல் சரியா வரும்?

சத்துவாச்சாரி_லூப்லைன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிகினு மட்டும்தான் இருந்தேன், எழுதறது இப்பதான். மேட்டர் இன்னான்னா எங்க வீட்டு மொட்டை மாடில ஒரு ரூம் காலியாச்சு, 12க்கு 10 அடி, மேல சிமெண்ட் ஷீட்டு. தங்கச்சி கல்யாணம் ஆகி போனதுல அவ சாமான் எல்லாம் கிளம்பிடுச்சி, அம்மா அங்க வத்தல் வடாம் டப்பா அடுக்கறதுக்குள்ள நான் புடிச்சிக்கணும்.

எனக்கு வேணும்னா காட்பாடி ஜங்ஷன்தான் வேணும். இப்ப இருக்கறது இல்ல, மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகல பாதை) இருந்தப்போ இருந்தது. ஒரு பக்கம் மெயின் லைன்ல பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் வந்து நிக்கும், மேற்கு வங்காளத்துல இருந்து சிஎம்சிக்கு வர்றவங்க கூட்டமா பெட்டி படுக்கையோட எறங்குவாங்க, நம்ம ஆட்டோக்காரங்க அவங்ககிட்ட பெங்காலியில பேரம் பேசுவாங்க, இந்தப் பக்கம் பாத்தா சின்ன தண்டவாளத்துல விழுப்புரம் பாசஞ்சர் எந்த அவசரமும் இல்லாம நிக்கும். ரெண்டு சைஸு வண்டியும் ஒரே ஸ்டேஷன்ல, அதுதான் எனக்கு வேணும்.

கைல இருக்கறது துபாய்ல இருந்து மாமா வாங்கிட்டு வந்த ஒரு எச்ஓ ஸ்டார்ட்டர் செட்டு, ஓவல் டிராக், ஒரு அமெரிக்கன் டீசல், மூணு கூட்ஸ் வேகன். கேள்வி: 1) எச்ஓ (HO) ஸ்கேல்லயே போலாமா இல்ல அத விட சின்ன என் (N) ஸ்கேலா? 2) பிராட்கேஜ் (அகலப் பாதை), மீட்டர்கேஜ் ரெண்டையும் ஒரே லேஅவுட்ல எப்படி காட்டறது? 3) மே மாசம் அந்த ரூம் உள்ள நிக்கவே முடியாது, அடுப்பு மாதிரி இருக்கும், டிராக்கு தாங்குமா? பெரியவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.

ஆம்பூர்_என்ஸ்கேல்:

பாஸ், மொதல்ல டேப்பு எடுத்து அளந்து பாருங்க, ஆசை தன்னால அடங்கிடும். ஒரு 24 பெட்டி ஐசிஎஃப் ரேக்கு (சென்னை ஐசிஎஃப் ஃபேக்டரி பெட்டிங்கள கோத்த வண்டி) இன்ஜினோட சேத்து 550 மீட்டர் கிட்ட வரும். எச்ஓன்னா 1:87, நிஜத்துல 87ல ஒரு பங்கு, அப்ப அந்த வண்டி 6.3 மீட்டர், அதாவது 20 அடிக்கு மேல. உங்க ரூமே 12 அடிதான். வண்டி வராண்டால நிக்கணும். பாதியா வெட்டி 12 பெட்டி ஓட்னாலும் பிளாட்பாரம் மட்டும் 10 அடிக்கு மேல போயிடும், அப்புறம் பாயிண்ட் (வண்டி தடம் மாறற எடம்) எங்க வைப்பீங்க, வளைவு எங்க வைப்பீங்க? ஸ்டார்ட்டர் செட்ல வர்ற வளைவு பொதுவா 18 இஞ்சு ரேடியஸ், அதுல 1:87 ஐசிஎஃப் பெட்டி 24 செ.மீ. நீளம், வளைவுல போறப்ப நடுப்பகுதி உள்ள தள்ளிகினு பிளாட்பாரத்தை இடிக்கும்.

என் ஸ்கேல்ல (1:160) அதே 24 பெட்டி மூணரை மீட்டருக்குள்ள அடங்கும். நான் ஆறடி டேபிள்ல ஜோலார்பேட்டை பண்ணிகினு இருக்கேன், 2019ல சென்னைக்கு தண்ணி ரயில் போச்சே, அதுதான் தீம். ஜூலை 12ம் தேதி மொத வண்டி கிளம்புச்சி, 50 டேங்கர் வேகன், 25 லட்சம் லிட்டர் காவேரி தண்ணி, வில்லிவாக்கத்துல போய் எறக்குனாங்க. வண்டிக்கு மாலை போட்டு, வாழை மரம் கட்டி அனுப்புனாங்க, நான் பாலத்து மேல இருந்து பாத்தேன். அவ்ளோ தண்ணிய எங்க ஜில்லால இருந்து அனுப்பறாங்க, எங்க தெருவுல கொடம் வரிசைல நிக்குதுன்னு பக்கத்துல ஒரு பாட்டி திட்டிகினே இருந்துச்சி, அது தனிக்கதை. 50 டேங்கர் வேணும்னா என் ஸ்கேல்லயே 4 மீட்டர் ஆகுது, அதனால 14தான் ஓட்றேன், மீதி மலைக்கு பின்னாடி வந்துகினு இருக்குன்னு நெனச்சிக்க வேண்டியதுதான்.

ரெண்டாவது கேள்விக்கு: என் ஸ்கேல் தண்டவாளம் 9 மி.மீ. நம்ம பிராட்கேஜ் 1676ஐ 160ஆல வகுத்தா பத்தரை வரணும், கொஞ்சம் ஒடுங்கி தெரியும், பரவால்ல. மீட்டர்கேஜுக்கு 6.25 வரணும், இன்னும் சின்ன இசட் (Z) கேஜ் டிராக்கு 6.5 மி.மீ.! அப்படியே பொருந்தும். எச்ஓ ஸ்டார்ட்டர் செட்ட யார்னா பசங்களுக்கு குடுத்துட்டு இந்தப் பக்கம் வாங்க.

கண்ணமங்கலம்_பாயிண்ட்ஸ்மேன்:

தம்பி, நான் அந்த மீட்டர்கேஜ் லைன்லயே பாயிண்ட்ஸ்மேனா இருந்து ரிடையர் ஆனவன். மாடல் பண்றவன் இல்ல, பேரன் இந்த சைட்ட காட்னான், அப்பப்ப வந்து படிப்பேன். உங்க கேள்விய பாத்துட்டு சும்மா போக மனசு வரல.

காட்பாடிய கட்டாதீங்க. அது பெரிய யார்டு, அத்த சுருக்குனா காட்பாடி மாதிரி இருக்காது, வேற எதுவோ மாதிரி இருக்கும். வேலூர் கண்டோன்மென்ட் தாண்டி தெற்க வாங்க, கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர். எல்லாம் சின்ன ஸ்டேஷன். ரெண்டு லைனு, ஒரு கூட்ஸ் சைடிங்கு, ஓட்டு கட்டடம், ஒரு வேப்ப மரம், ஒரு தண்ணி தொட்டி, ரெண்டு பக்கமும் கைகாட்டி சிக்னல். ஆனா அங்க ஒரு வண்டி வந்து போறதுக்குள்ள நடக்குற வேலைய பாத்தா உங்களுக்கு ஒரு மணி நேரம் ஓட்றதுக்கு சமாச்சாரம் கிடைக்கும்.

சொல்றேன் கேளுங்க. சிங்கிள் லைனு. டோக்கன் இல்லாம வண்டி ஒரு அடி நகராது. பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட இவரு லைன் கிளியர் (லைன் காலி, வண்டி விடலாம்ங்கற அனுமதி) கேப்பாரு, மணி அடிச்சி பதில் வரும், அப்புறம் அந்த இரும்பு பொட்டில இருந்து பந்து மாதிரி ஒரு உருண்டை எறங்கும், அதுதான் டோக்கன். அத்த தோல் பைல போட்டு வார இழுத்து கட்டி, பிரம்பு வளையத்துல மாட்டி என் கைல குடுப்பாரு. நிக்காம போற வண்டின்னா நான் லைன் ஓரமா நின்னு வளையத்த உயர தூக்கி புடிக்கணும், ஃபயர்மேன் படிக்கட்டுல தொங்கிகினு கைய உள்ள விட்டு முழங்கைல மாட்டி எடுத்துக்குவான், அதே நேரத்துல அவன் கொண்டாந்த வளையத்த நம்ம கால்கிட்ட வீசிட்டு போவான். ராத்திரி வேளைல பந்தம் கொளுத்தி வெச்சிகினு நிக்கணும். சில டிரைவருங்க வேகத்த கொறைக்காமலே வருவானுங்க, புதுசா வந்த ஃபயர்மேன் பசங்களுக்கு முழங்கை கன்னிப்போய் நீலமா இருக்கும். வீசுன வளையம் முள்ளு செடில போய் விழுந்துச்சின்னா லாந்தர் எடுத்துகினு தேடணும், அந்த உருண்டைய பொட்டில திருப்பி போட்டாதான் அடுத்த வண்டிக்கு லைன் கிளியர்.

இதெல்லாம் மொதல்ல நீராவி இன்ஜின், ஒய்பி ஒய்ஜி காலத்துல. அப்புறம் ஒய்டிஎம்-4 டீசல் வந்துச்சி. பௌர்ணமி அன்னிக்கி திருவண்ணாமலைக்கு போற கூட்டம் இருக்கே, கூரை மேல கூட உக்காந்துகினு போவாங்க, சொல்லி சொல்லி எறக்க முடியாது. ஆடி மாசம் படவேடு ரேணுகாம்பாளுக்கு போறவங்க கோழியோட, ஆட்டோட ஏறுவாங்க. கார்டு சத்தம் போடுவாரு, ஆடு எறங்காது. அத்த வைங்க உங்க லேஅவுட்ல.

வாலாஜாரோடு_1856:

ஐயா சொன்ன டோக்கன் சமாச்சாரத்துக்கே ஒரு கும்பிடு. எங்க ஸ்கூல் பசங்களுக்கு இத்த அப்படியே படிச்சி காட்டப்போறேன்.

லூப்லைன் தம்பி, நான் ராணிப்பேட்டை பக்கம், வேலை டீச்சர், லேஅவுட் கட்றது ஞாயித்துக்கிழமை மட்டும். என் பேரு பக்கத்துல 1856 ஏன் போட்டிருக்கேன்னு புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்கறாங்க, அதனால ஒரு தடவை சொல்லிட்றேன்: தென்னிந்தியால மொத ரயில் ராயபுரத்துல இருந்து நம்ம வாலாஜா ரோடுக்குதான் வந்துச்சி, 1856 ஜூலை மாசம். இன்னிக்கி எக்ஸ்பிரஸ் பாதி அங்க நிக்காமலே பறக்குது, அந்த ஆத்திரத்துல வச்ச பேரு.

இப்ப கணக்குக்கு வரேன், ஏன்னா ஆம்பூர்காரர் எச்ஓவ ரொம்ப சுலபமா தூக்கி போட்டுட்டாரு. எச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ. ஆனா இந்திய பிராட்கேஜுக்கு 1:87ல 19.3 வரணும். கிட்டத்தட்ட 3 மி.மீ. கொறைச்சல். நம்ம அகலப் பாதை வண்டிக்குன்னு ஒரு உக்காந்த தோரணை இருக்கே, அது போயிடும், டபிள்யூஏபி-4 கரண்ட் இன்ஜின் நின்னா காலு ஒட்டிகினு நிக்கற மாதிரி தெரியும். அத்த ஒத்துக்கறேன். ஆனா மீட்டர்கேஜ் மட்டும்னா கதையே வேற. 1000ஐ 87ஆல வகுத்தா 11.5. கடைல 12 மி.மீ. டிராக்கு கிடைக்குது, எச்ஓஎம்னு சொல்ற மீட்டர்கேஜ் டிராக்கு இருக்கு, அது விலை ஜாஸ்தி, இல்லன்னா எச்ஓவ விட சின்ன டிடி (TT) ஸ்கேலுக்கு வர்ற டிராக்கும் அதே 12 மி.மீ.தான். டிடி டிராக்ல ஸ்லீப்பர் கொஞ்சம் சின்னதா, நெருக்கமா இருக்கும், ஜல்லி போட்டு மூடிட்டா யாருக்கும் தெரியாது. அரை மி.மீ. வித்தியாசத்த கண்டுபுடிக்கறவன் வந்தா அவனுக்கு ஒரு காபி குடுத்து அனுப்பிடுங்க.

அதனால ஐயா சொன்ன கண்ணமங்கலம், 1:87, 12 மி.மீ. டிராக்கு. எட்டு பெட்டி மீட்டர்கேஜ் பாசஞ்சர் இன்ஜினோட 2 மீட்டர்தான் ஆகும். உங்க 12 அடி சுவருல ஸ்டேஷன் மொத்தமும் வளைவே இல்லாம நீட்டா வரும், ரெண்டு கடைசிலயும் ஒரு மறைவான பலகை வெச்சி அதுல வண்டிய மாத்தி அனுப்பிக்கலாம். இன்ஜினுக்கு ஆறு அச்சு இருக்கற டிடி சேசிஸ் (மோட்டார், சக்கரம் இருக்கற அடிப்பாகம்) ஒண்ணு வாங்கி அது மேல ஒய்டிஎம்-4 உடம்ப 3டி பிரிண்ட் எடுத்து மாட்டணும், நீளம் 18 செ.மீ. வரும். சேசிஸ் வாங்கறப்ப பாத்து வாங்குங்க, ஒரு ஆன்லைன் கடைல நான் ஆர்டர் போட்டதுக்கு நாலு அச்சு உள்ளத அனுப்பிட்டு ரிட்டர்ன் எடுக்க மாட்டேன்னுட்டாங்க, இன்னும் டப்பால தூங்குது.

சவுண்ட் டிகோடர் (மாடல் இன்ஜின் உள்ள வெச்சி சத்தம் குடுக்கற சர்க்யூட்) போடற ஐடியா இருந்தா இன்னொண்ணு. ஒய்டிஎம்-4ல இருந்தது ஆல்கோ 251 டீசல் மோட்டார், ஆனா வரிசையா ஆறு சிலிண்டர். அமெரிக்கன் ஆர்எஸ்-11 சவுண்ட் ஃபைல் போட்டா அது வி-12 (வி வடிவுல பன்னெண்டு சிலிண்டர்), நம்ம வண்டி மாதிரி தடக்கு தடக்குன்னு நொண்டாது. ஆல்கோ எஸ்-6 ஷண்டர் சவுண்ட் தேடுங்க, அதுல ஆறு சிலிண்டர்தான். காட்பாடில நின்னு கேட்டவங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

ஆம்பூர்_என்ஸ்கேல்:

அக்கா கணக்குல நம்மள ஜெயிக்க முடியாது. ஆனா அவரு கேட்டது காட்பாடி, நீங்க ரெண்டு பேரும் சேந்து ஆள கண்ணமங்கலத்துல எறக்கி விட்டுட்டீங்க. பிருந்தாவன் என்னா ஆச்சு? 1964ல இருந்து ஓடற வண்டிய ஒரே பதில்ல கேன்சல் பண்ணிட்டீங்களே.

குடியாத்தம்_மரவேலை:

எல்லாரும் வண்டி பத்தியே பேசறீங்க, அவரு மூணாவது கேட்டாரே, ஷீட்டு ரூம் சூடு, அதுக்கு யாரும் பதில் சொல்லல. அதுதான் லேஅவுட்ட கொல்ற மேட்டர்.

அண்ணா, தண்டவாளத்த பத்தி ரொம்ப பயப்படாதீங்க. நிக்கல் சில்வர் ரெயில் 12 அடி நீளத்துக்கு, மார்கழி காலைல இருக்கற குளிருக்கும் அக்னி நட்சத்திரத்து வெயிலுக்கும் நடுவுல 25 டிகிரி வித்தியாசம்னு வச்சிகினா ஒண்ணரை மி.மீ. நீளும், அவ்ளோதான். ஆனா அந்த ஒண்ணரைக்கு போக எடம் இல்லன்னா டிராக்கு பாம்பு மாதிரி நெளிஞ்சிடும். நீங்க மார்கழில போடறீங்கன்னா ஜாயிண்டு ஜாயிண்டுக்கு ஒரு விசிட்டிங் கார்டு சொருகற அளவு கேப் விடுங்க. மே மாசம் மத்தியானத்துல போடறீங்கன்னா ஒட்டியே போடலாம், அப்பவே அது முழுசா நீண்டுதான் இருக்கும். ஜாயினர சால்டர் வெச்சி மொத்தமா இறுக்காதீங்க, ஒவ்வொரு துண்டுக்கும் தனியா ஒயர் எறக்கி குடுங்க.

உண்மையான எமன் மரம். ஷீட்டு ரூம்ல வெயில் காலத்துல காஞ்சி போய் சுருங்கும், நவம்பர்ல மழை புடிச்சா ஊறி உப்பும். கமர்ஷியல் பிளைவுட் வேணாம், 12 எம்எம் மரைன் பிளை எடுங்க, அடியில 2க்கு 1 சட்டம் 16 இஞ்சுக்கு ஒண்ணு குறுக்க வைங்க, மேல கீழ விளிம்பு எல்லாம் பிரைமர் அடிச்சிடுங்க, நாலு பக்கமும் மூடுனாதான் பிரயோஜனம், மேல மட்டும் அடிச்சா பலகை கவுந்துக்கும். ஷீட்டுக்கு அடியில தெர்மாகோல் ஃபால்ஸ் சீலிங் போட்டுடுங்க, மேல வெள்ளை கூல் பெயிண்ட் அடிங்க. மொதல்ல அந்த காசு, அப்புறம் இன்ஜின் காசு.

இனிமே எனக்கு புடிச்ச ஏரியா. மலை. ஊட்டி மாதிரி பச்சை பசேல்னு பண்ணி வெச்சிட்டு வேலூர்னு போர்டு மாட்றாங்க, பாத்தாலே கடுப்பாவுது. நம்ம மலை எப்படி இருக்கும்? உருண்டை உருண்டையா பாறை, ஒண்ணு மேல ஒண்ணு, நடுவுல காஞ்ச புல்லு, அங்கங்க ஒரு சப்பாத்திக்கள்ளி. கரித்துண்ட ஒட்டுனா முனை கூர்மையா வரும், அது நம்ம பாறை இல்ல. பாலாத்து கூழாங்கல்லு எடுங்க, பெருசு சின்னது கலந்து, பாதி பிளாஸ்டர்ல பொதைச்சி வைங்க, மேல பழுப்பு சாம்பல் கலர தண்ணியா கரைச்சி ஊத்துனா சந்துல போய் தங்கும், காஞ்சதும் வெள்ளைய பிரஷ்ஷுல தொட்டும் தொடாம தேய்ங்க. பனை மரத்துக்கு தென்னந்தொடப்பம் குச்சி, தலைக்கு பச்சை பேப்பர விசிறியா வெட்டி ஒட்டணும்.

ஆத்து மணல் போடறவங்களுக்கு ஒரு விஷயம், இத்த கண்டிப்பா செய்யுங்க. மணல சலிச்சி நல்லா கழுவி காய வெச்சி, ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்த பிளாஸ்டிக் கவர்ல சுத்தி அதுக்குள்ள விட்டு கலக்குங்க. கருப்பா பொடி ஒட்டிகினு வரும், அது இரும்பு. அத்த எடுக்காம ஜல்லிக்கு பதிலா போட்டீங்கன்னா இன்ஜின் மோட்டார்ல இருக்கற காந்தம் அத்த இழுத்துக்கும், கியர் போச்சு. அப்புறம் ஃபெவிகால்ல பாதிக்கு பாதி தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கற லிக்விட், ஊசி போடற சிரிஞ்சுல எடுத்து ஓரமா விட்டா தானா உள்ள எறங்கும்.

சத்துவாச்சாரி_லூப்லைன்:

ஐயா, அக்கா, பாஸ், மரவேலை தம்பி, எல்லாருக்கும் நன்றி. பாயிண்ட்ஸ்மேன் ஐயா எழுதுனத அப்பாகிட்ட படிச்சி காமிச்சேன், அவரு சேர இழுத்து போட்டுகினு உக்காந்து திருப்பி படிக்க சொன்னாரு, அப்புறம் போளூர்ல அவரு காலேஜ் படிக்கறப்ப டிக்கெட் இல்லாம போன கதையெல்லாம் வெளிய வருது, அம்மா கேட்டுகினே இருக்காங்க.

சரி, கண்ணமங்கலம்தான். காட்பாடிய விடறதுக்கு மனசு கஷ்டமாதான் இருக்கு. ஆனா அந்த லைன் பிராட்கேஜா மாறி 2010ல திறந்தப்புறம் பழசு எதுவும் அங்க பாக்கறதுக்கு இல்ல, காட்பாடியாவது இன்னிக்கும் போய் நின்னா பாக்கலாம். ஐயாகிட்ட ரெண்டு சந்தேகம்: கைகாட்டி கை கீழ எறங்குனா போகலாம்னு அர்த்தமா இல்ல மேல ஏறுனாவா? ராத்திரி விளக்கு எப்படி எரியும்?

ஆம்பூர் பாஸ், பிருந்தாவன கேன்சல் பண்ணல. எதிர் சுவருல ஒரு பலகை அடிச்சி உங்க என் ஸ்கேல்லயே திருவலத்துல பொன்னை ஆத்து பாலம் மட்டும் பண்ணலாம்னு இருக்கேன், பக்கத்துல அந்த பழைய இரும்பு ரோடு பாலமும். நாலடி போதும்ல?

கண்ணமங்கலம்_பாயிண்ட்ஸ்மேன்:

தம்பி, நம்ம லைன்ல கை படுத்தா மாதிரி நேரா நீட்டிகினு இருந்தா நில்லு, கீழ எறங்குனா போ. வெளி நாட்டு மாடல் வாங்குனா சிலதுல மேல ஏறும், அத்த வாங்கிடாதீங்க. விளக்கு மண்ணெண்ணெய் விளக்கு, கம்பத்துக்கு பின்னாடி ஒரே இடத்துல எரியும், கையோட சேந்து சிவப்பு கண்ணாடியும் பச்சை கண்ணாடியும் நகரும், அதனால பல்பு ஒண்ணு போட்டா போதும், ரெண்டு கலர் பல்பு போடாதீங்க. சாயந்திரம் ஆனா ஏணில ஏறி திரி கிள்ளி எண்ணெய் ஊத்தி ஏத்திட்டு வரணும், மழைல அந்த ஏணி வழுக்கும் பாருங்க, ஆளு நழுவுனா கேக்கறதுக்கு நாதி கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் ரூமுக்கு வெளிய தண்டவாள துண்டு ஒண்ணு தொங்க விடுங்க, அதுதான் மணி. ஓட்டு கூரைக்கு மங்களூர் ஓடு.

ஆம்பூர்_என்ஸ்கேல்:

நாலடி தாராளமா போதும் பாஸ். பாலத்த நேரா போடுங்க, ரெண்டு பக்கமும் 11 இஞ்சு ரேடியஸ்ல திருப்பி பின்னாடி மறைச்சி கொண்டாந்தா ஓவல் ஆயிடும், பலகை அகலம் ரெண்டடிக்கு குறைய கூடாது. என்கிட்ட ரெண்டு பவர் பேக் இருக்கு, ஒண்ணு எடுத்துக்கோங்க, ஆம்பூர் வந்தா பிரியாணியோட சேத்து தரேன்.

குடியாத்தம்_மரவேலை:

ரெண்டடி பலகை ஒரு பக்கம், கண்ணமங்கலம் ஒண்ணரை அடி இன்னொரு பக்கம், நடுவுல ஆறு அடி கிட்ட மிச்சம், கதவு எந்தப் பக்கம் தொறக்குதுன்னு சொல்லவே இல்லயே அண்ணா? உள்பக்கம் தொறந்தா கீல மாத்தணும். ஞாயித்துக்கிழமை வேலூர் வரேன், வந்து பாத்துட்டு சட்டம் கணக்கு போட்டு தரேன், அதுக்குள்ள வத்தல் டப்பாவ ஏத்த விடாதீங்க.